ஒரு மொட்டை சாமிக்கு, ஒரு மொட்டை சினிமாவுக்கு

பாப்பா,

செய்தி வந்தது காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு. இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் என் வேலை. சிமெண்ட் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் என் முன்னால் இருக்கும் ஒவ்வொரு திரையின் மூலையிலும் ஒரு கடிகாரம் ஓடும். எது நடந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். நாம் நடித்த படத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பலூரில் ஒரு தியேட்டரில் போடுகிறார்கள், பாப்பாவைக் கட்டாயம் கூட்டிவர வேண்டும் என்று உதவி டைரக்டர் அனுப்பியிருந்தார். நான் ஒரு கட்டைவிரலைப் பதிலுக்குத் தட்டிவிட்டு, உலையின் வெப்பத்தைப் பார்க்கத் திரும்பினேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன சேதி என்று கேட்டார். எங்க வூட்டம்மா நடிச்ச படம் வருது என்றேன். அவர் உன் அம்மாவின் சாவுக்கு வந்து மாலை போட்டவர். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு ரொம்ப ஜாக்கிரதையாக, "ஹீரோ யாரு சார்?" என்றார். "எம் பொண்ணு" என்றேன். அதற்கப்புறம் ஷிப்ட் முடியும்வரை அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு தடவை டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கடிதத்தை நீ இப்போது படிக்கப் போவதில்லை. ஏழு வயதில் நீ எழுத்துக் கூட்டி ‘சிமெண்ட்’ என்று படித்து முடிப்பதற்குள் லாரியே போய்விடுகிறது. வேலைக்கோ கல்யாணத்துக்கோ நீ இந்த ஆலத்தியூர் வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் படித்தால் போதும். மற்றவர்கள் உனக்கு முன்னாலேயே படித்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. படம் முடிந்ததும் திரைப்படச் சங்கத்துக்காரர்கள் ஹீரோவின் அப்பா நாலு வார்த்தை பேசுவார் என்று அறிவித்து மைக்கை என் கையில் கொடுத்தார்கள். மைக்கைப் பார்த்தேன், அடியில் ஒயர் லூசாக இருந்தது. அதைச் சரிபண்ணி அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு சங்கச் செயலாளர் வந்து, பேச வராவிட்டால் எழுதியாவது கொடுங்கள், எங்கள் இதழில் போடுகிறோம் என்றார். யாருக்கு என்று எழுதுவது? உன்னை விட்டால் இந்தக் கதையில் நான் பேசக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை.

உன் அம்மா போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல் என்று பெரம்பலூரில் காட்டினோம். அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். உள்ளே யாரையும் விடாத அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற நர்ஸ், "போன ஆஃப் பண்ணிடாதீங்க சார், எப்ப வேணாலும் கூப்புடுவோம்" என்றார். கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய எல்லாவற்றையும் பெரியவர்கள் முறைப்படி செய்து முடித்தார்கள். இந்தப் போன் விஷயத்தை மட்டும் யாரும் முடித்துவைக்கவில்லை. எங்கள் ஆலையில் ஒரு உத்தரவு போட்டால், போட்டவர் வந்து ரத்து செய்யும்வரை அது நடப்பில் இருக்கும். அந்த நர்ஸ் இப்போது எங்கே வேலை பார்க்கிறாரோ தெரியாது. ஆகவே என் போன் அணையவே இல்லை. குளிக்கும்போது சோப்பு டப்பா மேல் இருக்கும். கோயிலுக்குப் போனால் சட்டைப்பையில் இருந்தபடி என்னோடு சேர்ந்து அதுவும் தீபாராதனை பார்க்கும். நான் யாருடைய அழைப்புக்கும் காத்திருக்கவில்லை, எனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் அழவில்லை என்பது நம் சொந்தக்காரர்களுக்குப் பெரிய மனக்குறை. தூரத்திலிருந்து பஸ் மாறி வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏமாந்துபோனார்கள். எனக்கே சந்தேகம்தான். ஆலையில் ஒரு சென்சார் எந்நேரமும் ஒரே அளவைக் காட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, சென்சார் போய்விட்டது என்று அர்த்தம். அதைக் கழற்றி மாற்றிவிடுவோம். என்னைக் கழற்ற வழியில்லாததால் நான் உனக்குத் தலைவாரிவிட்டு, பள்ளிக்கூட வேன் ஏற்றிவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒருநாள் நீ பொம்மைக்குச் சோறூட்டி விளையாடிக்கொண்டிருந்தாய். பொம்மை நீயாம், ஊட்டுவது அம்மாவாம். நான் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நீ மூக்கைச் சுருக்கி, குரலை இனிப்பாக்கி, "தயவுசெய்து சாப்பிடவும். தாங்கள் இப்போது சாப்பிடவில்லை. சிறிது நேரம் கழித்து மீண்டும் முயற்சிக்கவும்" என்றாய். நான் சிரித்துவிட்டேன். ஏன்டி அம்மா இப்படியா பேசுவாங்க என்று கேட்டேன். "ஆமாப்பா. நான் ஒன் போன்லேர்ந்து அம்மா நம்பருக்கு அடிப்பேன்ல, அப்ப இப்படித்தான் பேசுவாங்க." சிரிப்பு அங்கேயே நின்றது. உன் அம்மா உயிரோடு இருந்தவரை யாரையும் ‘தாங்கள்’ என்று சொன்னதில்லை. கலெக்டர் வந்திருந்தாலும் ‘வாங்க, உக்காருங்க, அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க’ என்றுதான் சொல்லியிருப்பாள். ஒரே வருஷத்தில் அவள் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெலிபோன்காரியை உட்காரவைத்துவிட்டாய். உன்மேல் குற்றமில்லை. என் போனில் அம்மா பேசும் வீடியோக்கள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுக் காட்டினால் விஷயம் முடிந்தது. என் விரல் அதன்மேல் போய் நிற்கும், அமுக்காது. விரலில் கோளாறு ஒன்றும் இல்லை, மற்ற எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டேன்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த கேள்வி இதுதான். உன்னைக் கூட்டிப்போனால் உனக்கு அம்மாவின் குரல் திரும்பக் கிடைக்கும். ஆனால் பக்கத்துச் சீட்டில் நானும் உட்கார வேண்டும். ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். உன் காதுகுத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த உன் மாமா விடவில்லை. "மாப்ள, தியேட்டர்ல இருட்டாத்தான இருக்கும்? நீங்க கண்ண மூடிக்கங்க, யாருக்குத் தெரியப் போவுது. ஆர்ட் படம் வேற. பாதிப் பேரு மூடிக்கிட்டுத்தான் ஒக்காந்திருப்பான்" என்றார்.

இந்தப் படத்துக்கே காரணம் இந்த மாமாதான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு நாலு வயது நடக்கும்போது பாடாலூர் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. ஆடு வெட்டியாயிற்று, பந்தல் போட்டாயிற்று, சொந்தமெல்லாம் வந்தாயிற்று. மாமாவுக்கு மட்டும் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. நம் வீட்டு வழக்கத்தில் மொட்டைக்கு மாமன் தேவையில்லை, காது குத்த மாமன் மடி வேண்டும். வேறு யார் மடியிலாவது உட்காரவைக்கலாமே என்று நான் சொன்னதற்கு உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் போய் இலை எடுக்க ஆரம்பித்துவிட்டேன். முடியை மட்டும் இறக்கினோம். கறி தின்றவர்கள் எல்லாரும், காது அப்படியேதான் இருக்கு, அதுக்கும் ஒரு சாப்பாடு பாக்கி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திரும்பும் வழியில் பாடாலூர் ஹைவேயில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நீ மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, கவுனில் குழம்பு கொட்டிவிட்டதால் என் அண்ணன் மகனுடைய டிரவுசரை மாட்டிக்கொண்டு, ஒரு பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாய். காதில் தோடு இல்லை. சென்னையிலிருந்து வந்த ஒரு வேன் நின்றது. தாடி வைத்த ஒரு பையன் இறங்கி, உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உன் முன்னால் மண்டிபோட்டு, "தம்பி, ஒம் பேரென்ன?" என்றான். "சொல்ல மாட்டேன்" என்றாய். "எங்க பாத்துக்கிட்டு நிக்கிற?" "ஒனக்கென்ன?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைப் பார்த்து இதுவரை யாருக்கும் அப்படிக் கலங்கியதில்லை. அவன்தான் டைரக்டர். சொந்த ஊர் அரியலூர். அவனுடைய அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் பார்த்தவர். இவன் தூங்கும்போது வருவாராம், இவன் பள்ளிக்கூடம் போகும்போது தூங்குவாராம். வாசலில் செருப்பு கிடந்தால் அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வானாம். அதைப் படமாக எடுக்கிறான். சின்ன வயதில் நானும் இதே மாதிரிதான் நின்றேன், இதே மாதிரிதான் பேசினேன், இந்தத் தம்பியேதான் வேண்டும் என்றான்.

நான் வாயைத் திறந்தேன். உன் அம்மா என் காலை மிதித்தாள். காரில் வரும்போது விளக்கினாள். பையனா பொண்ணா என்று அவர் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். உனக்கு நான் ஒரு புத்திமதி எழுத வேண்டுமென்றால் இங்கே எழுதலாம், உண்மையை உடனே சொல்லிவிடு என்று. ஆனால் அன்றைக்கு உடனே சொல்லியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கிடைத்திருக்காது. ஆகவே அந்தப் புத்திமதியை எழுதாமல் விடுகிறேன்.

ஷூட்டிங் நம் ஊரிலேயே நடந்தது. முதல் நாள் நீ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவ்வளவுதான் காட்சி. இரண்டாம் நாள் காலையில் டைரக்டர் எல்லாரையும் சுரங்கத்து மேட்டுக்குக் கூட்டிப்போய் விளக்கினான். தூரத்தில் வெள்ளைப் பள்ளம், இந்தப் பக்கம் தம்பி தனியாக நின்று ஒன்றுக்குப் போவான், கேமரா நகராது, அது அவனுடைய தனிமை. எல்லாரும் தலையாட்டினார்கள். உன் அம்மா கையைத் தூக்கினாள்.

"சார், இவன் நின்னுக்கிட்டுப் போவ மாட்டான். ஒக்காந்துதான் போவான்."

"ஏங்க்கா?"

"ஏன்னா, இவன் இவ."

டைரக்டர் தொப்பியைக் கழற்றினான். கொஞ்ச தூரம் போய் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். யூனிட் மொத்தமும் உன்னைச் சுற்றிவந்து பார்த்தது. நீ அவர்களுக்கு நாக்கைக் காட்டினாய். கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்துவந்து உன் அம்மாவிடம், "பரவால்லக்கா. எனக்கும் அந்த வயசுல நான் என்னன்னு சரியாத் தெரியாது" என்றான். தனிமை ரத்தானது. அந்தக் காட்சிக்குப் பதிலாக ஒரு ஆடு நடந்துபோவதை எடுத்தார்கள்.

அம்மா வேஷத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நடிகை வந்திருந்தார். நல்ல பெண். ஆனால் அவர் ஒரு உருண்டை சோற்றை உன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தபோது நீ கேமரா ஓடும்போதே, நீ எங்கம்மா இல்ல, எங்கம்மா அங்க நிக்கிறாங்க என்று தட்டிவிட்டாய். எத்தனை தடவை எடுத்தும் அதேதான். கடைசியில் அந்த நடிகையே, அவங்களையே ஒக்கார வைங்க சார் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியாக ஒரு காட்சியில் நடித்துவிட்டு பஸ் ஏறினார். உன் அம்மாவிடம் டைரக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நடிக்காதீங்க, சும்மா இருங்க. "அது வீட்டு வேலையவிடக் கஷ்டமாச்சே சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். படத்தில் உனக்குப் பெயர் வேறு, நீ பையன், ‘டா’ போட்டுக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். தலையை ஆட்டிவிட்டு, கேமரா ஓடியதும் முதல் வாய்க்கே "வாயத் தொறடி" என்றாள். மூன்று நாள் திருத்திப் பார்த்துவிட்டு அவர்களே விட்டுவிட்டார்கள்.

என்னையும் விடவில்லை. அப்பா படத்தில் வரமாட்டார், ஆனால் ஒரே ஒரு தடவை தூரத்தில் நடந்து வருவார், நீங்களே நடந்துவிடுங்கள் சார், சாதாரணமாக நடந்தால் போதும் என்றான். உன்னிடம் யாராவது சாதாரணமாக இரு என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே கிளம்பிவிடு. அதுவரை முப்பது வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தவன், அன்றைக்கு வலது கையும் வலது காலும் ஒன்றாகப் போக நடந்தேன். மாற்றச் சொன்னார்கள். இடது கையும் இடது காலும் ஒன்றாகப் போனது. டீ சாப்பிட்டுவிட்டு வந்து நடந்தேன், குனிந்து எதையோ தேடுகிறவன் மாதிரி இருந்ததாம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் பெருமூச்சு விட்டு, என் ஆலை ஷூவைக் கழற்றி வாங்கி வாசற்படியில் வைத்து, அதைப் படம் எடுத்துக்கொண்டான். ஒரே டேக்கில் ஓகே. உன் அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள், "ஒங்களவிட ஒங்க ஷூ நல்லா நடிக்குதுங்க."

சோறூட்டும் காட்சி எடுத்த அன்றைக்கு இன்னொன்று நடந்தது. பேசுவதை அங்கேயே பதிவுசெய்யும் படம் அது, பின்னால் டப்பிங் கிடையாது. அதனால் எல்லார் போனையும் அணைத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் கொடுக்கவில்லை, அழைப்பு வந்தால் ஓட வேண்டிய வேலை. கேமராவுக்கு இடதுபுறம் சுவரோரம் நின்றேன். அவள் உனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, என் போன் அடித்தது. உலை நின்றுவிட்டது என்று ஆலையிலிருந்து கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, ஒங்கள ஒன்னும் கொஞ்சல என்றாள். காட்சியைக் கெடுத்துவிட்டேன், அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பணம் தீர்ந்துபோய்ப் படம் மூன்று மாதம் நின்று திரும்பத் தொடங்கியபோது உன் தலை முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. திரும்ப மொட்டை போட வேண்டும் என்று டைரக்டர் கையைப் பிசைந்தான். நம் வீட்டில் சாமிக்குத் தவிர யாருக்கும் முடி கொடுப்பதில்லை என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அவன் கெஞ்சினான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள், "நீங்களும் ஒக்காருங்க தம்பி. ஒங்க படத்துக்கு நீங்க வேண்டிக்காம எம் புள்ள எதுக்கு வேண்டிக்கணும்?" இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் மொட்டை. முழுத் தாடியும் வெறுந்தலையுமாக அவன் எழுந்தபோது தலையைத் தலைகீழாக மாட்டிவிட்ட மாதிரி இருந்தான். நீ அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு படத்தில் இருக்கிறது. இடையில் மாமா ஒரு தடவை லீவில் வந்தார், தோடு போட்டால் படம் கெட்டுவிடும் என்று உன் அம்மாவே அவரைத் திருப்பி அனுப்பினாள். படம் முடிந்தபோது மாமாவுக்கு லீவில்லை. பிறகு அம்மா இல்லை. காது அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆலத்தியூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கூட்டத்தில் ஒரு நொடி நின்றவர்கள் எல்லாம் தங்களை ஒரு நொடி பார்க்க வந்திருந்தார்கள். ஆட்டுக்காரர்கூட வந்திருந்தார். விளக்கை அணைத்தார்கள். முதல் காட்சி சுரங்கம். வெள்ளைப் பள்ளம், மேலே வானம், யாரும் இல்லை, எதுவும் அசையவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. பின்னாலிருந்து ஒருவர் ஆபரேட்டரிடம், "தம்பி, நின்னுபோச்சு பாரு" என்றார். ஆபரேட்டரும் பயந்துபோய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா பறந்ததால் ஊர் நம்பியது. மாமா ஏற்கனவே தூங்கிவிட்டார். உனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டிருந்தேன், ஒன்று மேலே ஒன்று கீழே. மடியில் உட்கார மாட்டேன் என்று தனிச் சீட்டில் உட்கார்ந்து, திரையில் மொட்டையாக நிற்கும் உன்னை யாரோ ஒரு பையனைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். ஆடு வந்தது. ஆட்டுக்காரர் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டினார்.

"அப்பா, அந்த ஆட்டத் தீபாவளிக்கு வெட்டிட்டாங்கள்ல?"

"ஆமா."

"இப்ப நடக்குது?"

"சினிமாவுல நடக்கும்."

ஆடு திரையை விட்டுப் போகும்வரை பார்த்தாய். "அப்ப அம்மாவும் பேசுவாங்களா?"

மாமா சொல்லிக்கொடுத்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். என் ஷூ வாசற்படியில் வந்திருக்க வேண்டும், நம் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அப்புறம் பாத்திரச் சத்தம் கேட்டது. நம் வீட்டு நசுங்கிய சட்டி, தட்டில் படும்போது வரும் சத்தம் எனக்குத் தெரியும். கண்ணை மூடலாம் என்று சொல்லிக்கொடுத்த மாமா காதைப் பற்றி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"வாயத் தொறடி. இது ஆட்டுக்கு ஒரு வாய். இது டைரக்டர் மாமாவுக்கு ஒரு வாய். இது சிங்கப்பூர் மாமாவுக்கு, லீவு கெடைக்காத மாமாவுக்கு, பெரிய வாயா."

தியேட்டர் சிரித்தது. மாமா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. நான் கண்ணைத் திறந்தேன். உன் அம்மா திரை முழுக்க இருந்தாள். நைட்டிமேல் போட்ட அந்தப் பழைய துண்டு, அதில் ஜாக்கெட்டிலிருந்து மாற்றிக் குத்திய ஊக்கு, நெற்றியில் மாவு. அப்போது போன் அடித்தது. தியேட்டரில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் சட்டைப்பையைத் தொட்டார்கள். நானும் தொட்டேன். அது படத்துக்குள் அடித்த என் போன். அவர்கள் அந்தக் காட்சியைத் தூக்கிப் போடவே இல்லை. அவள் கையில் உருண்டையோடு இடதுபுறம் திரும்பினாள். அன்றைக்கு நான் சுவரோரம் நின்ற பக்கம். தியேட்டரிலும் நாம் இடதுபுறம்தான் உட்கார்ந்திருந்தோம். நேராக என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் போன ஆஃப் பண்ணித் தொலைங்களேன். புள்ள சாப்புடுறால்ல."

ஷூ சத்தம் படபடவென்று வெளியே ஓடியது. அது நான். திரையில் அவள் அந்தச் சத்தம் போன பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பினாள். நான் ஓடிவிட்டதால் என் காதில் விழாமல் போனது இதுவும்தான்.

"ஒங்கப்பாவுக்கு அத ஆஃப் பண்ணத் தெரியாதுடி. அவ்ளோ படிச்சிருக்காரு, அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு மட்டும் தெரியாது. நீ பெரிய புள்ளையாயி சொல்லிக் குடு, என்னா?"

திரையில் மொட்டைத் தலை வாய் நிறையச் சோற்றோடு ஆடியது. என் பக்கத்தில் இரட்டைச் சடையும் ஆடியது. நீ கையை நீட்டினாய். "குடுப்பா." கொடுத்தேன். "இதப் புடிச்சு அமுக்கிக்கிட்டே இருக்கணும்ப்பா. கைய எடுக்கக் கூடாது." அமுக்கிக்கொண்டே இருந்தாய். போன் ஒரு தடவை நடுங்கி, உன் உள்ளங்கையில் இருட்டானது. அதற்குப் பிறகு திரையில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. மாமா அவருடைய கர்ச்சீப்பைக் கொடுத்தார், அது ஏற்கனவே நனைந்திருந்தது. நம் வேனில் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு வருஷமாகப் பார்க்கக் காத்திருந்ததைப் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பும்வரை வேனில் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை, நான் அழுததைப் பற்றித்தான் பேச்சு. குரும்பலூரிலிருந்து வந்திருந்த உன் அம்மா வழிச் சித்தப்பா ஒருவர், இப்பத்தான் மனசு ஆறுச்சு என்று என் தோளைத் தட்டினார், ஏதோ நான் பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி.

படம் முடிந்து ஒரு பேராசிரியர் மேடையேறி, தாய் தன் மகனை ‘டி’ போட்டு அழைப்பதன் மூலம் இந்தப் படம் ஆண், பெண் என்ற கோட்டையே அழித்துவிடுகிறது என்று விளக்கினார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். மாமா பொறுக்க முடியாமல் எழுந்து, "சார், அது பொண்ணுதாங்க. எனக்கு லீவு கெடைக்கல, அதான்" என்றார். அதைவிடச் சுருக்கமாக இந்தப் படத்தை யாராலும் விளக்க முடியாது.

அடுத்த வாரம் பாடாலூரில் உனக்குக் காதுகுத்து. மாமன் மடி ரெடி. சாப்பாடு பாக்கி என்று சொன்ன எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். டைரக்டரும் வருகிறான், இந்தத் தடவை முடி கொடுக்க மாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டான். புத்திமதி என்று ஏதாவது எழுதியே ஆக வேண்டுமானால் ஒன்றுதான் இருக்கிறது. உன் பிள்ளை வாசலில் கிடக்கும் உன் செருப்பைப் பார்த்து நீ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்ளும்படி வைத்துவிடாதே. எனக்கு இது ஒரு படம் பார்த்துத்தான் தெரிந்தது, அதுவும் என் ஷூ நடித்த படம்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடிக்க முடியாது என்று ஷிப்டில் சொல்லிவிட்டேன். உலை நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நிக்கட்டும் என்றேன். நீ அந்தப் பக்கம் பொம்மைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாய். எழுதுவதை நிறுத்திக் கேட்டேன். "வாயத் தொறந்து தொலையேன்டி" என்கிறாய். டெலிபோன்காரி போய்விட்டாள். இப்போது பொம்மை சாப்பிட்டு முடித்துவிட்டதாம், நமக்கும் தட்டு வைத்துவிட்டாயாம், சோறு ஆறுதாம், இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாய். வந்துட்டேன் பாப்பா. போனை ஆஃப் பண்ணிட்டேன்.